ஐந்து தீபாவளிப் பாய்களுக்கு அடியில்: பழைய லினோலியம் தரையை உரிப்பது எப்படி

அம்மா வீட்டு அடுப்படியில் கேஸ் அடுப்புக்கு முன்னால் நின்றால் தரை அமுங்கும். காலை எடுத்தால் ‘சப்’பென்று சத்தம் கேட்கும். மேலே கிடந்தது மரப்பலகை மாதிரி அச்சுப் போட்ட புதுப் பாய், அதில் ஒரு கறைகூட இல்லை. ஆனால் ஈரச் சாக்கை மடித்து மூலையில் போட்டால் வருமே, அந்த நாற்றம் அடுப்படியை விட்டுப் போகவே இல்லை. அம்மாவுக்கு 79 வயது. “வர்ற தீபாவளிக்கு இன்னொரு பாய் வாங்கி மேல போட்டுடலாம்மா, சரியாயிடும்” என்றார். அதைக் கேட்ட பிறகுதான் ஐஸ் பெட்டிக்குப் பின்னால் போய் மூலையைத் தூக்கிப் பார்த்தேன்.

ஒன்றின் மேல் ஒன்றாக ஐந்து பாய்கள் கிடந்தன.

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ரப்பர் தோட்டத்தை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு வந்த எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இது புதிதில்லை. தீபாவளி நெருங்கினால் கடைத்தெருவில் பாய்ச் சுருள்களைத் தூண் மாதிரி நிறுத்தி வைத்திருப்பார்கள். மலாய் மொழியில் கேட்டால் திக்கார் கெத்தா, எங்கள் வீட்டில் ரப்பர் பாய், கிராணி (தோட்டத்து எழுத்தர்) வீட்டுப் பேச்சில் லினோலியம். 6 அடி அகலச் சுருளில் வேண்டிய நீளத்தை வெட்டி வாங்கி வருவோம். முறுக்குச் சுடவும் வீடு கழுவவுமே நேரம் போதாத அந்த வாரத்தில் பழையதை யார் உரிப்பது? அதன் மேலேயே விரித்துவிடுவோம். அடுத்த முறையும் அப்படியே.

நான் தையல்காரி. தரை வேலை என் தொழில் இல்லை. இருந்தாலும் மூன்று இடங்களில் பழைய தரையை என் கையாலேயே உரித்திருக்கிறேன். முதலில் என் தையற்கடை, பிறகு பெரியம்மாவின் பலகை வீடு, கடைசியாக அம்மாவின் அடுப்படி. கடையில் செய்த தவற்றால் பட்ட பாட்டைக் கீழே சொல்கிறேன். மூன்றிலும் கற்றதை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: பாய்க்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கத்தியையோ சுரண்டியையோ கையில் எடுக்காதீர்கள்.

முதலில் மூலையைத் தூக்கிப் பாருங்கள்

ஆள் நடமாட்டமில்லாத மூலையாகப் பாருங்கள். ஐஸ் பெட்டிக்குப் பின்புறமோ அரிசி டின் வைக்கும் இடமோ நல்லது. அங்கே பாய் தேயாமல் இருக்கும், அடிப்பக்கமும் தெளிவாகத் தெரியும். டார்ச் அடித்துப் பாருங்கள். பிய்க்க வேண்டாம், தூக்கினால் போதும்.

சும்மா விரித்த பாய் சுலபமாகத் தூக்கிக்கொண்டு வரும். வளைத்தால் வளையும், அடிப்பக்கம் வெள்ளையாகவோ பஞ்சு மாதிரியோ இருக்கும். இது பிவிசி என்கிற பிளாஸ்டிக்கில் செய்த வினைல் பாய். கடையில் லினோலியம் என்று சொல்லிக் கொடுப்பதில் பெரும்பாலானது இதுதான். இதில் பயப்பட ஒன்றுமில்லை. சுருட்டி எடுத்துவிடலாம்.

அசல் லினோலியம் வேறு. அதன் முதுகில் கோணிச் சாக்கு மாதிரி சணல் நெசவு தெரியும். பழசானது வளையாது, அப்பளம் மாதிரி உடையும். உடைத்த இடத்தை முகர்ந்தால் பெயிண்டில் கலக்கிற ஆளி விதை எண்ணெய் வாசம் லேசாக வரும். 1860-களில் இங்கிலாந்தில் ஃபிரெடரிக் வால்டன் என்பவர் அந்த எண்ணெயைக் காற்றில் கெட்டியாக்கி, தக்கைத் தூளும் மரத்தூளும் கலந்து துணியின் மேல் அழுத்திச் செய்தது அது. லத்தீனில் லினும் என்றால் ஆளிச் செடி, ஓலியம் என்றால் எண்ணெய். பெயரிலேயே எண்ணெய் இருப்பதால்தான் காரமான சோடாத் தண்ணீர் பட்டால் அது ஊறிக் கெட்டுப்போகிறது.

மூன்றாவது வகையில்தான் எச்சரிக்கை வேண்டும். பாய்க்கு அடியில் சதுரம் சதுரமாக, கல் மாதிரி விறைப்பான ஓடுகள் ஒட்டியிருந்தால் அளந்து பாருங்கள். பக்கம் 9 அங்குலம் இருந்து, உடைந்த இடத்தில் தார் மாதிரி கறுப்புப் பசை தெரிந்தால் அங்கேயே கையை எடுத்துவிடுங்கள். அந்தக் காலத்து வினைல் ஓடுகளில் உறுதிக்காக அஸ்பெஸ்டாஸ் நாரைக் கலந்தார்கள், கறுப்புப் பசையிலும் கலந்தார்கள். எல்லா ஓட்டிலும் இருக்கும் என்று சொல்லவில்லை. 9 அங்குலம் இல்லாமல் 12 அங்குலமாக இருந்தால் இல்லை என்றும் சொல்ல முடியாது. கண்ணால் பார்த்து யாராலும் தீர்மானிக்க முடியாது, சோதனைக்கூடத்தில் நுண்ணோக்கியில்தான் தெரியும். ஆகவே 1990-க்கு முன் போட்ட தரை என்றால் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே நடந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, அதைவிட மோசமானது: ஒட்டிய வினைல் விரிப்பின் முதுகில் சாம்பல் நிற அட்டை மாதிரி ஒரு தாள். பழைய விரிப்புகள் சிலவற்றில் அந்தத் தாளில் பாதிக்கு மேல் அஸ்பெஸ்டாஸ்தான். ஓட்டில் நார் பிளாஸ்டிக்கோடு இறுகிக் கிடக்கும். இந்தத் தாளிலோ விரலால் தேய்த்தாலே உதிரும். விரிப்பைப் பிய்த்து இழுத்தால் தாள் இரண்டாகக் கிழிந்து, பாதி விரிப்போடு வரும், பாதி தரையில் நிற்கும், நடுவில் தூசு பறக்கும். சாம்பல் தாளைப் பார்த்தால் மூலையை மெதுவாக இறக்கி, மேலே டேப் ஒட்டிவிட்டு வெளியே வாருங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்

தோட்டத்தில் வளர்ந்த நமக்கு அஸ்பெஸ்டாஸ் என்றால் கூரைதான். அதன் கீழே தூங்கி எழுந்தவர்கள் நாம், அதனால் பயம் விட்டுப்போயிற்று. கூரைத் தகடு முழுசாக இருக்கிற வரை நார் சிமெண்டுக்குள் கட்டுப்பட்டுக் கிடக்கும். அறுக்கும்போதும் துளை போடும்போதும் தேய்க்கும்போதும்தான் வெளியே வரும். தரை ஓடும் அப்படியே. அந்த நார் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. மூச்சோடு போனால் நுரையீரலில் தங்கிவிடும், உடம்பால் கரைக்க முடியாது. அன்றைக்குத் தும்மல்கூட வராது. நுரையீரல் இறுகிப் போவதும் புற்றுநோயும் 20, 30, 40 வருஷம் கழித்துத்தான் தெரியும். நம் நாட்டில் நீல அஸ்பெஸ்டாஸை 1999-இலேயே தடை செய்துவிட்டார்கள். தரை ஓடுகளில் பெரும்பாலும் கலந்தது வெள்ளை வகை. அதுவும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியதுதான்.

என் அப்பா ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் காயவைக்கும் கொட்டகையில் வேலை பார்த்தவர். இரவெல்லாம் இருமுவார். லயத்தின் (தோட்டத்து வரிசை வீடுகளின்) மெல்லிய பலகைச் சுவர் வழியாகப் பக்கத்து வீட்டுக்கும் அந்த இருமல் கேட்கும். வேலைக்குப் போகிற இடத்தில் மூச்சில் என்ன கலக்கிறது என்று அந்தக் காலத்தில் அவரிடம் யாரும் சொல்லவில்லை. இப்போது நமக்குத் தெரிகிறது. தெரிந்தும் சொந்த வீட்டுக்குள், பிள்ளைகள் தவழுகிற தரையில் அந்தத் தூசைக் கிளப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

எங்கள் எதிர் வரிசையில் ஒரு வீட்டில் இதைத்தான் செய்தார்கள். காண்ட்ராக்டர் ஒருவர் கிரைண்டரைக் கொண்டுவந்து பழைய ஓட்டையும் கறுப்புப் பசையையும் ஒரே மத்தியானத்தில் தேய்த்து முடித்தார். வெள்ளைப் புகை வாசல் வழியாகத் தெருவுக்கு வந்தது. வேலைக்கு வந்த இரண்டு பையன்களும் சட்டையைத் தூக்கி மூக்கைக் கட்டியிருந்தார்கள். நான் போய்ச் சொன்னபோது பாதி வேலை முடிந்திருந்தது. அந்த இரண்டு பையன்களின் வயதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்கவில்லை.

ஆக, சந்தேகமான ஓடு முழுசாக, அசையாமல் ஒட்டியிருந்தால் எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. விட்டுவிட்டு மேலே மூடுவதுதான் சரியான வேலை. எடுத்தே ஆக வேண்டும் என்றால் அதற்குப் பயிற்சி உள்ளவர்களைக் கூப்பிடுங்கள். அந்தக் கழிவை வீட்டுக் குப்பையோடு போட முடியாது. 2005-ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு (ஆபத்தான கழிவு) விதிகளில் அஸ்பெஸ்டாஸ் கழிவுக்கு எஸ்டபிள்யூ 201 என்று தனி எண்ணே இருக்கிறது. வேலைக்கு வருகிறவரிடம் அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். விழித்தால் அவர் வேண்டாம்.

எப்போது தொடங்குவது

தீபாவளிக்கு முந்திய வாரம் மட்டும் வேண்டாம். நம் மேற்குக் கரைப் பக்கம் அக்டோபர், நவம்பரில்தான் மழை அதிகம், ஏப்ரல், மேயில் இன்னொரு முறை வரும். உரித்த தரை காயவே காயாது. அவசரக் கோலம் அள்ளித் தெளித்த கதையாக ஈரத்தின் மேலேயே புதுப் பாயை விரிக்க வேண்டிவரும். பிப்ரவரி நல்லது. இல்லையென்றால் ஜூன், ஜூலை. அம்மா வீட்டு வேலையை நாங்கள் ஜூனில் வைத்துக்கொண்டோம்.

சாமான் அதிகம் வேண்டாம். கொக்கி மாதிரி வளைந்த பிளேடு போட்ட கட்டர் ஒன்று. நேர் பிளேடு அடித் தரையைக் கீறும், கொக்கி பிளேடு பாயை மட்டும் இழுத்து அறுக்கும். 4 அங்குல அகலச் சுரண்டி, தண்ணீர் தெளிக்கும் பாட்டில், பழைய துண்டுகள், தடித்த கறுப்பு பிளாஸ்டிக் பைகள், ராஃபியா கயிறு, ரப்பர் கையுறை, முட்டிக்குக் கீழே போட ஒரு தலையணை. பூஞ்சை இருக்கும் என்பதால் என்95 முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், மூக்கில் இறுக அழுத்திவிடுங்கள். கோவிட் காலத்தில் மிஞ்சிய நீல முகக்கவசம் ஓரமெல்லாம் காற்று விடும், இதற்கு உதவாது.

அம்மாவின் அடுப்படி

10 அடிக்கு 12 அடி. சனிக்கிழமை காலை ஐஸ் பெட்டியையும் அடுப்பையும் தம்பி வெளியே நகர்த்தினான். அலமாரியை மட்டும் நகர்த்த முடியவில்லை, மூன்றாவது பாயின் மேலேயே அதை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அப்படி இருந்தால் அலமாரியின் அடியை ஒட்டிக் கொக்கி பிளேடால் அறுத்து, உள்ளே கிடப்பதை விட்டுவிடுங்கள். இழுத்தால் அலமாரிக் கால் சாயும்.

ஒவ்வொரு பாயாகத்தான் எடுக்க வேண்டும். ஐந்தையும் சேர்த்து ஒரே அறுப்பாக அறுத்தால் பிளேடு அடித் தரை வரை போகும், அங்கே என்ன இருக்கிறது என்று இன்னும் நமக்குத் தெரியாது. மேல் பாயைச் சுவரோரத்திலிருந்து தளர்த்தி, ஆள் நிற்கும் பக்கமாகச் சுருட்டுங்கள். சுருட்டும்போதே அடிப்பக்கத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே வாருங்கள், பூஞ்சைத் தூள் பறக்காது. 6 அடிச் சுருளைத் தூக்க முடியாவிட்டால் 3 அடியாக வெட்டி ராஃபியா கயிற்றால் கட்டுங்கள்.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பாய் வரும்போதும் அது எந்தத் தீபாவளி என்று சொன்னார். பச்சைப் பூ போட்டது தம்பி கல்யாணத்துக்கு முந்திய வருஷம். சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்டது அப்பா வாங்கிய கடைசிப் பாய். அதற்கும் கீழே இருந்த பாய்க்கும் நடுவில் ஈரத்தை இழுக்கட்டும் என்று அப்பா ‘தமிழ் நேசன்’ செய்தித்தாள்களைப் பரப்பியிருக்கிறார். தாள் மக்கிக் கூழாகிவிட்டது. எழுத்து மட்டும் பாயின் வெள்ளை முதுகில் அப்படியே பதிந்திருந்தது, எல்லாம் இடம் வலமாகத் திரும்பி. தம்பி மகள் ஓடிப்போய்ப் பவுடர் டப்பா கண்ணாடியைக் கொண்டுவந்து பிடித்து, “அத்தை, நகைக்கடை விளம்பரம்!” என்று எழுத்துக்கூட்டி வாசித்தாள். அந்தத் துண்டை ஒரு முழம் வெட்டி, துடைத்து, காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன்.

நாற்றத்தின் மூலம் நான்காவது பாயில் தெரிந்தது. தொட்டிக்குக் கீழே இருக்கும் குழாய் மூட்டிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கசிந்த தண்ணீர் இரண்டு பாய்க்கு நடுவில் ஓடி அடுப்பு வரைக்கும் போயிருக்கிறது. மேலே ஒரு துளி வரவில்லை. புதுப் பாய் போடப் போட ஈரம் உள்ளேயே பூட்டப்பட்டது. தரை ‘சப்’பென்றதற்கு அதுதான் காரணம். குழாய் மூட்டை மாற்ற ஆன செலவு ஒரு பாயின் விலைகூட இல்லை.

ஐந்தாவது பாயைத் தூக்கியதும் ஓடுகள் தெரிந்தன. அரக்குச் சிவப்பு, நடுநடுவே வெள்ளைக் கீற்று. டேப்பை வைத்தேன், சரியாக 9 அங்குலம். வீடு 1979-இல் கட்டியது. தொட்டிப் பக்கம் இரண்டு ஓடு விரிசல் விட்டிருந்தது, மற்றதெல்லாம் முழுசு. தம்பி சுரண்டியோடு குனிந்தான். “தொடாதடா” என்று நான் போட்ட சத்தத்தில் அம்மாவே எழுந்துவிட்டார்.

அங்கே நாங்கள் செய்தது இவ்வளவுதான். விளக்குமாற்றை எடுக்கவில்லை, காய்ந்த தரையைக் கூட்டினால் எது இருந்தாலும் பறக்கும். வீட்டு வேக்குவமும் கூடாது, நுண்ணிய தூசை ஒரு பக்கம் இழுத்து இன்னொரு பக்கம் ஊதிவிடும். ஈரத் துண்டால் ஒரே பக்கமாகத் துடைத்து, துண்டை அலசாமல் பையில் போட்டுக் கட்டினோம். விரிசல் விட்ட இரண்டு ஓட்டையும் பெயர்க்காமல், கீறலில் நிரப்பும் பசையைக் கையாலேயே அழுத்தி மூடி, காய விட்டோம். காய்ந்த பிறகும் தேய்க்கவில்லை. பத்து நாள் காற்றாடி ஓடியது.

அசல் லினோலியமும் பலகைத் தரையும்

பெரியப்பா தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். துரை பங்களாவில் மராமத்து நடந்தபோது கழித்துக் கட்டிய லினோலியத்தைக் கேட்டு வாங்கி வந்து தன் பலகை வீட்டு முன்னறையில் ஒட்டியிருந்தார். ஓரமெல்லாம் சின்ன ஆணி, நடுவில் பழுப்புப் பசை. பலகைத் தரையில் தண்ணீரை ஊற்றக் கூடாது. பலகை உப்பும், இடுக்கு வழியாகக் கீழே இறங்கி விட்டத்தை நனைக்கும், கரையானுக்கு அதுவே அழைப்பு.

முதலில் ஆணிகளைப் பிடுங்குங்கள், ஒன்று மிஞ்சினாலும் சுரண்டியின் வாய் மழுங்கும். பிறகு ஒரு அடி அகலப் பட்டைகளாக அறுங்கள். முதுகில் சணல்தான் இருக்கிறது, அடியில் சாம்பல் தாள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு இதைச் செய்யுங்கள்: துண்டை வெந்நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து பட்டையின் மேல் விரித்து, அதன் மேல் இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் மெதுவாக நகர்த்துங்கள். சூடு உள்ளே இறங்கும், பசை இளகும். தையற்கடையில் ஒட்டுத்துணியைப் பிரிக்க நான் தினமும் செய்கிற வேலை இது. சுரண்டியைத் தோசைத் திருப்பி மாதிரி நன்றாகச் சாய்த்து உள்ளே செலுத்தினால் பட்டை தன்னாலே எழும்பும். நிமிர்த்திக் குத்தினால் பலகையில் பள்ளம் விழும். பலகை ஓடுகிற திசையிலேயே சுரண்டுங்கள், குறுக்கே போனால் சிராய் பெயரும்.

மிஞ்சும் பழுப்புப் பசை பழைய வகையாக இருந்தால் வெந்நீருக்கே கரையும். பிழிந்த துணியைப் பத்து நிமிஷம் போட்டு வைத்துத் துடைத்தால் வெல்லப்பாகு மாதிரி வரும்.

வினைல் பாயில் இஸ்திரிப் பெட்டியை வைக்கவே வைக்காதீர்கள். உருகி ஒட்டும், அந்தப் புகை நல்லதில்லை.

என் கடைத் தரையில் செய்த தவறு

கடையில் இருந்தது சிமெண்டுத் தரையில் மஞ்சள் பசையால் ஒட்டிய வினைல் விரிப்பு, முதுகில் வெள்ளைப் பஞ்சு. கட்டடம் பிந்திய காலத்தது, சாம்பல் தாளும் இல்லை, கறுப்புப் பசையும் இல்லை. விரிப்பு பட்டை பட்டையாக வந்துவிட்டது. பஞ்சும் பசையும் தரையிலேயே நின்றுவிட்டன. யாரோ சொன்னார்கள் என்று மண்ணெண்ணெய் ஊற்றினேன். பசை இளகியது உண்மை. ஆனால் அந்த எண்ணெய் சிமெண்டுக்குள் இறங்கி, மூன்று வாரம் நாற்றம் போகவில்லை. தைக்கக் கொடுத்திருந்த ரவிக்கைத் துணிகளில் அது ஏறி, இரண்டு பேருக்குப் புதுத் துணி வாங்கிக் கொடுத்தேன். அதைவிடப் பெரிய தப்பு, பத்தடி தள்ளி இஸ்திரிப் பெட்டி சூடாகிக்கொண்டிருந்தது. எதுவும் ஆகவில்லை, ஆனால் அன்றைக்கு நினைத்துப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். அதன் பிறகு போட்ட புதுப் பசையும் எண்ணெய் இறங்கிய இடத்தில் பிடிக்கவில்லை. மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் எதுவும் வேண்டாம்.

மஞ்சள் பசைக்கு வெந்நீரே போதும். வாளி நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு கொஞ்சம் கலந்து, கோணிச் சாக்கை நனைத்துத் தரையில் விரித்து இருபது நிமிஷம் விடுங்கள். ஒரு சாக்கு ஊறும்போது இன்னொரு சாக்கின் இடத்தைச் சுரண்டலாம், வேலை நிற்காது. இதற்கு நான் வாங்கிய சுரண்டி முதல் நாளே கைப்பிடி கழன்றது. தம்பி செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவன். இளமரத்துக் குலை வெட்டுகிற உளி அவனிடம் இருந்தது. அகலமான தட்டை வாய், நீளமான கம்பு. அதைக் கொண்டுவந்து, “இதப் போட்டு தள்ளுங்கக்கா” என்றான். நின்றபடியே, இடுப்பு வலிக்காமல், கம்பைத் தாழ்த்திப் பிடித்துத் தள்ளினேன். ஊறிய பசை சீவிய தேங்காய் மாதிரி சுருண்டு வந்தது. உங்கள் வீட்டிலும் அந்த உளி சும்மா கிடந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். வாய்க்கு முன்னால் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது குலைக் காம்பையே அறுக்கிற கூர்மை.

சிமெண்டு வெளியே வந்த பிறகு ஈரத்தைச் சோதியுங்கள். இரண்டடிச் சதுரத்தில் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள். மறுநாள் தாளின் உள்பக்கம் துளித்திருந்தால், அல்லது சிமெண்டு கறுத்திருந்தால், மண்ணின் ஈரம் மேலே ஏறுகிறது. பழைய கட்டடங்கள் பலவற்றில் சிமெண்டுக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பு போடாமல் மண்ணின் மேலேயே கொட்டியிருப்பார்கள். அப்படிப்பட்ட தரையில் எந்தப் பாயை ஒட்டினாலும் ஓரிரு வருஷத்தில் தூக்கிக்கொள்ளும். அதற்கு மட்பாண்ட ஓடு போடுவதோ, சிமெண்டை அப்படியே விடுவதோ மேல்.

உரித்ததை என்ன செய்வது

கொளுத்தாதீர்கள். தோட்டத்தில் வீட்டுக்குப் பின்னால் குப்பையைக் கொளுத்திப் பழகியவர்கள் நாம். இது பிவிசி. எரிந்தால் மூக்கையும் தொண்டையையும் அரிக்கிற ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், டையாக்சின் என்கிற நஞ்சும் சேரும். 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி திறந்த வெளியில் எரிப்பது குற்றமும்கூட. கட்டிய சுருள்களை நகராண்மைக் கழகத்தில் சொல்லி, பெரிய குப்பை எடுக்கும் லோரியில் ஏற்றிவிடுங்கள். பூஞ்சை பிடிக்காத துண்டு இருந்தால் லோரியின் பின்பக்கத்திலும் கோழிக் கூண்டுக்கு அடியிலும் விரிக்க யாராவது கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

அம்மாவின் அடுப்படியில் இப்போது ஒரே ஒரு பாய் கிடக்கிறது, ஒட்டாமல். வருஷத்தில் இரண்டு முறை சுருட்டி, தரையைத் துடைத்து, காயவிட்டு மறுபடி விரிக்கிறோம். தொட்டிக்குக் கீழே அலமாரிக் கதவின் உள்பக்கத்தில், நாளைக்கு இந்த வீட்டை வாங்குகிறவர்களுக்கும் குழாய் பார்க்க வருகிறவர்களுக்கும் தெரியட்டும் என்று, அழியாத மையால் தமிழிலும் மலாயிலும் எழுதி வைத்திருக்கிறேன்: “பாய்க்கு அடியில் 9 அங்குலப் பழைய ஓடு. அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். சுரண்டாதீர்கள், தேய்க்காதீர்கள், துளை போடாதீர்கள்.” அம்மா வாசித்துப் பார்த்துவிட்டு, தேதியையும் போடச் சொன்னார். போட்டேன்.